கோகோவின் பழுப்பு நாவாய்ப்பூச்சி: உடலமைப்பும் அடையாளமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாவின் கோகோ தோட்டங்களில் சில பருவங்கள் பூச்சி சேகரித்தேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து மாணவர்களும் கோகோ பயிரிடுகிறவர்களும் பூச்சிப் படம் எடுப்பவர்களும் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரு மங்கலான படமும், கீழே "இது அதுதானே?" என்ற வரியும் வரும். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. பேசப்படும் பூச்சி மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் கோகோ மரங்களில் வாழும் சால்பெர்கெல்லா சிங்குலாரிஸ்.

1. அண்ணா, நாவாய்ப்பூச்சியும் வண்டும் ஒன்றுதானே? இரண்டுக்கும் முதுகில் ஓடு இருக்கிறதே?

இல்லை. வண்டின் முன் இறக்கை முழுவதும் கெட்டி. இரண்டு ஓடுகளும் முதுகின் நடுவில் ஒரே நேர்கோட்டில் சேரும். நாவாய்ப்பூச்சியின் முன் இறக்கையில் அடிப்பாதி தோல்போலத் தடித்தும் நுனிப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். மடக்கும்போது ஒன்றின் நுனி மற்றதன்மேல் படிவதால் முதுகில் சாய்ந்த கோடுகள் தெரியும்.

வாயைப் பார்த்தால் ஐயமே இருக்காது. வண்டு கடித்து மெல்லும். நாவாய்ப்பூச்சிக்கு மெல்லும் தாடை இல்லை, ஊசிபோன்ற உறிஞ்சுகுழல்தான் உண்டு. வேலையில்லாத நேரத்தில் அதை மார்புக்கு அடியில் மடித்து வைத்திருக்கும். பூச்சியைத் திருப்பிப் போட்டு அந்தக் குழலைக் கண்டுவிட்டால் பாதி அடையாளம் முடிந்தது.

2. ஒருவர் மிரிட் என்கிறார், ஒருவர் கேப்சிட் என்கிறார், கானாக்காரர் அகாட்டே என்கிறார். மூன்றும் மூன்று பூச்சிகளா?

இந்தக் குடும்பத்துக்கு இன்றைய பெயர் மிரிடே. பழைய நூல்களில் கேப்சிடே என்று இருந்தது. அதனால் வயதான தோட்ட அலுவலர்கள் இன்றும் கேப்சிட் என்கிறார்கள். அகாட்டே கானாவின் கோகோ விவசாயிகளின் சொல். அவர்கள் அதைச் சால்பெர்கெல்லாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. கோகோவைக் குத்தும் நெருங்கிய உறவுப் பூச்சியையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். விவசாயி அகாட்டே என்றால் அது ஒரு கூட்டத்தின் பெயர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சால்பெர்கெல்லா சிங்குலாரிஸ் என்ற அறிவியல் பெயரை 1895இல் வைத்தவர் ஹாக்லுண்ட். இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை 11,000 இனங்களுக்கு மேல். நாவாய்ப்பூச்சிகளிலேயே பெரிய குடும்பம் இதுதான். "மிரிட் பார்த்தேன்" என்று மட்டும் சொல்வது "மீன் பார்த்தேன்" என்பதுபோலத்தான்.

3. கோகோ அமெரிக்க மரம். பூச்சி ஆப்பிரிக்கப் பூச்சி. இரண்டும் எப்படிச் சேர்ந்தன?

பூச்சி தன் இடத்தில்தான் இருந்தது. மரம் அதைத் தேடிவந்தது. இன்று பியோகோ எனப்படும் பெர்னாண்டோ போ தீவிலிருந்து டெட்டே குவார்ஷி என்பவர் கோகோ விதைகளைக் கொண்டுவந்து இன்றைய கானாவில் நட்டது 1879இல். அதற்கு முன்பே இந்தப் பூச்சி கோலா, இலவம் முதலிய ஆப்பிரிக்க மரங்களில் சாறு உறிஞ்சி வாழ்ந்தது. அந்த மரங்களும் கோகோவும் தாவரக் குடும்பத்தில் உறவுக்காரர்கள் என்பதால், புதிய மரம் அதற்கு வேற்றுச் சுவையாகப் படவில்லை.

இதே கதை மற்ற இடங்களிலும் நடந்தது. தென் அமெரிக்காவில் மோனலோனியன், நியூகினியில் சூடோடோனியெல்லா, மடகாஸ்கரில் பாக்சியாப்சிஸ் என அந்தந்த மண்ணின் மிரிட் ஒன்று கோகோவில் குடியேறியது. அதனால் படம் அனுப்பும்போது எடுத்த இடத்தையும் எழுதுங்கள். ஊர்ப் பெயரே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

4. இது மிரிடே குடும்பம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நிறமா, அளவா?

இரண்டுமே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது முன் இறக்கையில் இருக்கும் ஆப்பு. இறக்கையின் தோல்பகுதி முடிந்து சவ்வு தொடங்கும் இடத்தில், வெளி ஓரத்தில் ஒரு சிறு வெட்டு தெரியும். அதற்கு அப்பால் முக்கோணத் துண்டு ஒன்று தனியாக மடிந்து நிற்கும். மரம் பிளக்கச் செருகும் ஆப்பின் வடிவம். அந்த இடத்தில் இறக்கை சற்றே கீழ்நோக்கி வளைவதால், பக்கவாட்டில் பார்த்தால் பூச்சியின் முதுகு ஓரிடத்தில் சட்டென்று இறங்குவதுபோல் இருக்கும். சவ்வில் ஒன்றோ இரண்டோ மூடிய அறைகளும் நரம்புகளால் வரையப்பட்டிருக்கும்.

ஆப்பு மட்டும் போதாது. ஆந்தோகோரிடே என்ற வேறொரு குடும்பத்துக்கும் ஆப்பு உண்டு. சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடும்பம் அது. அங்கேதான் ஒற்றைக்கண்கள் உதவுகின்றன. ஆந்தோகோரிடே பூச்சியின் தலையில், இரண்டு கூட்டுக்கண்களுக்கு இடையில், மணிபோல் மின்னும் ஒற்றைக்கண்கள் இருக்கும். மிரிடே குடும்பத்தில், ஒரு சிறு துணைக்குடும்பம் நீங்கலாக, அவை கிடையாது. உறிஞ்சுகுழலும் உணர்கொம்பும் மிரிடுக்கு நான்கு நான்கு கணுக்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் நடுக்கால், பின்கால்களின் தொடையைப் பாருங்கள். சிறு குழியிலிருந்து எழும் நீண்ட உணர்மயிர்கள் அங்கே இருக்கும். தொடையில் இவை இருப்பது மிரிடே குடும்பத்தின் முத்திரை.

5. பத்து மடங்கு கைவில்லையில் பார்த்தேன். தொடையில் மயிர் நிறைய இருக்கிறது. எது அந்த மயிர்?

கைவில்லையில் பிரித்தறிவது கடினம். சாதாரண மயிர் சாய்ந்து படுத்திருக்கும். உணர்மயிர் செங்குத்தாக எழுந்து, அதன் அடியைச் சுற்றி ஒரு வளையக் குழி இருக்கும். அந்தக் குழியைக் காண நுண்ணோக்கி வேண்டும். தோட்டத்தில் நிற்கும்போது ஆப்பும் ஒற்றைக்கண் இன்மையும் போதும். மயிரைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

6. குடும்பம் புரிந்தது. பழுப்பு நாவாய்ப்பூச்சியைத் தலையிலிருந்து சொல்லுங்களேன்.

வளர்ந்த பூச்சி ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். தலை அகலமானது, முகம் கீழ்நோக்கிச் செங்குத்தாக இறங்கும். கூட்டுக்கண்கள் இருபுறமும் பிதுங்கி நிற்கும். உணர்கொம்பு குட்டையாகத் தடித்திருக்கும். அதன் கடைக் கணுக்கள் நூலாக நீளாமல் கதாயுதம்போலப் பருத்து முடியும். மிரிட் என்றால் மெல்லிய நீண்ட கொம்பு என்று மனத்தில் பதித்தவர்கள் இதைக் கண்டு தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், இந்தக் கூட்டத்தின் அமைப்பே அதுதான்.

கழுத்துக்குப் பின்னால் முன்மார்பின் முதுகுத்தகடு பின்நோக்கி விரிந்து, குழிப்புள்ளிகள் நிறைந்து சொரசொரப்பாக இருக்கும். அதற்கும் இறக்கைகளுக்கும் நடுவே உள்ள முக்கோணத் தகட்டைச் சிறுகேடயம் என்பேன். பல பூச்சிகளில் அது தட்டையானது. இங்கே ஊதிய பைபோல மேலெழுந்து நிற்கும். இந்தப் பூச்சியின் உடலில் என்னை மிகவும் ஈர்த்த உறுப்பு இதுதான். பக்கவாட்டு ஒளியில் அந்தப் புடைப்பையும் அதன் நிழலையும் ஒருமுறை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார்.

நிறம் பழுப்பு, சிவப்பு கலந்த பழுப்பு. அதன்மேல் வெளிறிய திட்டுகள் சிதறியிருக்கும். கோகோப் பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. கால்கள் திடமானவை. பின்மார்பின் பக்கச் சுவரில் நாற்றச் சுரப்பியின் வாய் திறக்கும். பிடித்த விரலில் அந்த வாடை தங்கிவிடும்.

7. அதே மரத்தில் டிஸ்டான்டியெல்லாவும் இருக்கிறதாமே? என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

தெரியத்தான் செய்யும். இரண்டாம் கேள்வியில் சொன்ன உறவுப் பூச்சி இதுதான். டிஸ்டான்டியெல்லா தியோப்ரோமா முதலில் 1909இல் சால்பெர்கெல்லா என்ற பேரினத்திலேயே வைக்கப்பட்டது. பிறகுதான் தனிப் பேரினமாகப் பிரித்து, அதை விவரித்த பூச்சியியலாளர் டிஸ்டன்ட்டின் பெயரையே இட்டார்கள். இந்தியா, இலங்கை, பர்மாவின் நாவாய்ப்பூச்சிகளைத் தொகுத்து விவரித்தவரும் இதே டிஸ்டன்ட்தான். நம் பகுதியின் பூச்சிகள் பலவற்றின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் நிற்கிறது.

வேறுபாடு மேற்பரப்பில் இருக்கிறது. டிஸ்டான்டியெல்லாவின் முன்மார்பு முதுகும் சிறுகேடயமும் பாகற்காய்த் தோல்போல மருக்கள் புடைத்துக் கரடுமுரடாக இருக்கும். சால்பெர்கெல்லாவில் அந்த அளவு மருக்கள் இல்லை. சிறுகேடயம் உருண்டு, ஒப்பிட்டால் சீராகத் தெரியும். டிஸ்டான்டியெல்லா பொதுவாகக் கறுத்தது என்பதும் உண்மைதான், ஆனால் நிறத்தை முதல் சாட்சியாக ஏற்காதீர்கள். நானே தொடக்கத்தில் கறுத்த சால்பெர்கெல்லாக்கள் சிலவற்றுக்கு நிறம் பார்த்துத் தவறான சீட்டு ஒட்டியிருக்கிறேன். சிறுகேடயத்தைப் பார்க்கப் பழகிய பிறகுதான் அவற்றைத் திருத்தினேன்.

8. பொள்ளாச்சியில் தென்னைக்கு இடையில் கோகோ வைத்திருக்கிறோம் ஐயா. காயில் கரும்புள்ளி வந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பூச்சி இங்கே வந்துவிட்டதா?

பயப்பட வேண்டாம். சால்பெர்கெல்லா ஆப்பிரிக்காவின் பூச்சி. உங்கள் காயில் குத்துவது பெரும்பாலும் ஹெலோபெல்டிஸ், அதாவது நம் ஊரில் தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் நாவாய்ப்பூச்சி. முந்திரியையும் தேயிலையையும் தாக்கும் அதே பேரினம் கோகோவிலும் வரும். கொசு என்ற பெயர் அதன் ஒல்லியான உடலாலும் நீண்ட கால்களாலும் வந்தது, மற்றபடி கொசுவோடு எந்த உறவும் இல்லை.

பிரித்தறிவது எளிது. ஹெலோபெல்டிஸின் சிறுகேடயத்தில் ஒரு குண்டூசி செங்குத்தாகக் குத்தியிருப்பதுபோல, நுனியில் குமிழ் உள்ள முள் நிற்கும். உணர்கொம்பு உடலைவிட நீளமாக நூல்போல இருக்கும். ஆறாம் கேள்வியில் சொன்ன குட்டைத் தடித்த கொம்பையும் ஊதிய சிறுகேடயத்தையும் இதோடு ஒப்பிட்டால் குழப்பமே வராது. ஆப்பிரிக்காவிலும் ஹெலோபெல்டிஸ் உண்டு. பருத்தி, தேயிலை, முந்திரி ஆகியவற்றைத் தாக்கும் ஹெலோபெல்டிஸ் ஷூட்டெடெனி அங்கே பரவலானது. ஆகவே கானாவில் எடுத்த படம் என்றாலும் முள்ளைத் தேடிவிட்டுத்தான் பேச வேண்டும்.

9. கோகோக் காயில் பெரிய பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்றைப் பார்த்தேன். இதுவும் மிரிடா?

கானாவில் பார்த்திருந்தால் அது பெரும்பாலும் பாத்திகோலியா தலாசினா. கேடய வடிவ நாற்றப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உணர்கொம்பில் ஐந்து கணுக்கள் இருக்கும், இறக்கையில் ஆப்பு இருக்காது. நான்காம் கேள்வியின் சோதனையிலேயே விலகிவிடும்.

10. ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரிப்பது?

திருப்பிப் போட்டு வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு நடுக்கோட்டில் ஒரு பிளவு ஓடும். முட்டையிடும் வாள் அதற்குள் மடங்கியிருக்கும். ரம்பம்போல் பல் உள்ள அந்த வாளால் பட்டையைக் கீறித்தான் முட்டையைச் செருகும். ஆணின் வயிற்று நுனி பிளவில்லாமல் ஒரே கிண்ணமாக மூடியிருக்கும்.

அந்தக் கிண்ணத்தில் ஒரு விந்தை உண்டு. மிரிடே ஆணின் இனப்பெருக்க உறுப்புகள் இடம் வலம் ஒத்திருப்பதில்லை. இரண்டு கொக்கிகளில் இடதுபுறத்தது பெரியது, வளைந்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் மிரிட் இனங்களை வல்லுநர்கள் கடைசியில் இந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்த பிறகு நுண்ணோக்கியில் வைப்பார்கள். சால்பெர்கெல்லாவையும் டிஸ்டான்டியெல்லாவையும் பிரிக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஏழாம் கேள்வியின் மருக்களே போதும்.

11. இறக்கையே இல்லாத ஒன்று கிடைத்தது. வேறு இனமா?

குஞ்சாக இருக்கும். நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சே தாயின் சாயலில் இருந்து, ஐந்து குஞ்சுப் பருவங்களைக் கடந்து, கடைசித் தோலுரிப்பில் இறக்கையுடன் வெளிவரும். குஞ்சுப் பருவம் ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் நீடிக்கும். கடைசி இரண்டு பருவங்களில் முதுகில் இறக்கை மொட்டுகள் தெளிவாகத் தெரியும்.

இறக்கை இல்லாதபோது ஆப்பும் இல்லை, அதனால் வேறு அடையாளம் வேண்டும். மிரிட் குஞ்சின் வயிற்று முதுகில் நாற்றச் சுரப்பியின் வாய் ஒன்றே ஒன்று, மூன்றாம் நான்காம் வயிற்று வளையங்களின் நடுவே இருக்கும். மற்றப் பல நாவாய்ப்பூச்சிகளின் குஞ்சுகளில் அது இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். சால்பெர்கெல்லாக் குஞ்சு செம்பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருக்கும். முதல் இரண்டு பருவக் குஞ்சுகளைக் கொண்டு இனம் சொல்ல நான் துணிவதில்லை. மரத்திலேயே விட்டு வளரவைத்துப் பாருங்கள், அல்லது காய்த்துண்டுடன் டப்பாவில் வையுங்கள்.

12. முட்டையைப் பார்க்கவே முடியவில்லையே. எங்கேதான் வைக்கிறது?

காயின் தோலுக்குள்ளும் காம்பிலும் பட்டையிலும் புதைத்து வைக்கிறது. வெளியே தெரிவது முட்டையின் மூடியும், அதிலிருந்து நீளும் இரண்டு நுண்ணிய வெண்ணிற இழைகளும் மட்டுமே. முட்டை மூச்சுவிடும் வழி அவை. இரண்டும் ஒரே நீளமாக இருக்காது. காயைச் சாய்த்துக் காலை வெயிலில் பிடித்தால் இழைகள் மின்னும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

13. பூச்சி கிடைக்கவில்லை, காயம் மட்டும் இருக்கிறது. காயத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியாதா?

மிரிட் குத்திய காயமா என்று சொல்லலாம், எந்த மிரிட் என்று சொல்லக் கூடாது. குத்தும்போது உமிழ்நீரின் நொதிகள் செல்சுவரைக் கரைக்கின்றன. குழம்பான அந்தச் சாற்றைத்தான் பூச்சி உறிஞ்சுகிறது. அதனால் ஒரு சின்னக் குத்துக்கே சுற்றுப்புறம் நீர்கோத்துக் கறுத்துவிடும். காயில் அது வட்டப் புள்ளி. இளந்தண்டில் நீள்வட்டப் பள்ளம். கருங்காய் நோயோடு இதைக் குழப்பாதீர்கள். அந்த நோய் ஓரிடத்தில் தொடங்கிப் பழுப்பாகப் பரவிக் காய் முழுவதையும் விழுங்கும். மிரிட் புள்ளிகள் தனித்தனியாக நின்றுவிடும்.

முற்றிய காயில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும் உள்ளே விதைக்குப் பெரிய கேடு இல்லை. கேடு தண்டில்தான். அங்கே திறந்த காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து கிளையை நுனியிலிருந்து கருக்கிக்கொண்டே வரும். காயை மட்டும் எண்ணிவிட்டுத் தோட்டத்தின் நலத்தை முடிவு செய்கிறவர்களிடம் இதை மன்றாடியே சொல்கிறேன்: இளந்தண்டைப் பாருங்கள்.

14. மூன்று நாள் பகலில் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்போது போவது?

அந்தி மங்கியபின்தான் இது அதிகம் நடமாடும். பகலில் பட்டைப் பிளவிலும் காய்க்கும் தண்டுக்கும் இடையிலும் ஒளிந்துகொள்ளும். விடிந்த உடனே போங்கள். நிழல் மரம் விழுந்து வெயில் இறங்கும் இடங்களை முதலில் பாருங்கள், அங்கேதான் கூட்டமாகச் சேரும். தையல்காரி எறும்புக் கூடுகள் நிறைந்த மரத்தில் தேடிக் களைக்காதீர்கள். அந்த எறும்புகள் இதை விட்டுவைப்பதில்லை. கானாவில் ஆகஸ்ட் தொடங்கி ஜனவரி வரை எண்ணிக்கை அதிகம்.

15. இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்தவை எல்லாம் சால்பெர்கெல்லாதானே? பொறியில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கிறது.

பெயரை நம்பாதீர்கள். சால்பெர்கெல்லாப் பெண்ணும் டிஸ்டான்டியெல்லாப் பெண்ணும் ஆணை அழைக்க ஒரே மணக்கலவையைப் பயன்படுத்துகின்றன. அதனால் ஒரே பொறியில் இரண்டு இனங்களின் ஆண்களும் விழும். ஒவ்வொன்றையும் எடுத்துச் சிறுகேடயத்தைப் பார்த்தே எண்ண வேண்டும். விழுந்தவை ஆண்கள் மட்டுமே என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

16. ஆல்கஹாலில் போட்டு வைத்தேன். நிறம் எல்லாம் மங்கிவிட்டது. இனி பயனில்லையா?

நிறம் போனால் போகட்டும், நாம்தான் நிறத்தை நம்புவதில்லையே. குழி, மரு, ஆப்பு, கொம்பின் வடிவம் எல்லாம் அப்படியே இருக்கும். வெளியே எடுத்து ஈரம் உலரும் தறுவாயில் பாருங்கள். மேற்பரப்பில் நீர்ப்படலம் இருந்தால் மருக்கள் மறைந்துவிடும். சிறுகேடயத்தில் ஊசி குத்துவதை மட்டும் தவிருங்கள். இவ்வளவு சிறிய பூச்சியைக் கூர்மையாக வெட்டிய அட்டை நுனியில் பக்கவாட்டில் ஒட்டுவதே முறை. நடுவில் குத்தினால் அடையாள உறுப்பையே துளைத்துவிடுவீர்கள்.

17. இரண்டுக்கும் ஒரே மருந்துதான் அடிக்கிறார்கள். பிறகு இனத்தைப் பிரித்து என்ன ஆகப்போகிறது?

1960களின் தொடக்கத்தில் கானாவில் நடந்ததைப் பாருங்கள். அதுவரை நன்றாக வேலை செய்த லிண்டேன் மருந்து சில இடங்களில் டிஸ்டான்டியெல்லாவைக் கொல்லவில்லை. பூச்சி தாக்குப்பிடிக்கப் பழகியிருந்தது. எந்த இனம் தப்புகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். எல்லாவற்றையும் அகாட்டே என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தால், மருந்து சரியில்லை, அடித்த ஆள் சரியில்லை என்றே பேச்சு போயிருக்கும்.

18. படம் அனுப்பினால் சொல்வீர்களா? எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

சொல்கிறேன், ஆனால் மூன்று படங்கள் வேண்டும். மேலிருந்து ஒன்று, இறக்கையும் ஆப்பும் தெரிய. பக்கவாட்டில் ஒன்று, சிறுகேடயத்தின் புடைப்பும் முள் உண்டா இல்லையா என்பதும் தெரிய. வயிற்றின் அடியில் ஒன்று. ஒளியை ஒருபக்கத்திலிருந்து சாய்த்துக் கொடுங்கள். நேர் மேலிருந்து பளிச்சென்று விழும் ஒளி மருக்களை மழுங்கடித்துவிடும். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். ஊர், நாள், எந்த மரத்தின் எந்தப் பகுதி என்பதையும் எழுதுங்கள்.

19. இறக்கை கிழிந்துவிட்டது, இரண்டு கால்கள் இல்லை, கொம்பும் ஒடிந்துவிட்டது. மார்பு மட்டும் முழுதாக இருக்கிறது. பெயர் சொல்ல முடியுமா?

முன்மார்பும் சிறுகேடயமும் முழுதாக இருந்தால் முடியும். ஊதிய சிறுகேடயம் இந்தக் கூட்டத்தைக் காட்டும், மருக்கள் பேரினத்தைப் பிரிக்கும். அவையும் நசுங்கியிருந்தால், தெரிந்த அளவுக்கு "கோகோ மிரிட், இனம் உறுதியில்லை" என்று சீட்டில் எழுதி, இடமும் நாளும் குறித்துப் பெட்டியில் வையுங்கள். அதே மரத்திலிருந்து பிறகு நல்ல மாதிரி ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.